பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு தோள்பட்டை ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 46. பித்தப்பையில் கல் இருந்ததால் லேப்ராஸ்கோபி மூலம் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. வயிற்றில் உள்ள காயத்தைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் வலிக்கிறது. இருமினாலும் எழுந்தாலும் தொப்புள் பக்கம் சுரீர் என்கிறது. வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று மாமியார் சொல்வதால், பொறுக்க முடியாதபோது மட்டும் போடுகிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மூன்று நாளாக மலம் போகவில்லை. இந்த வலி எத்தனை நாள் இருக்கும்? கஞ்சியைத் தவிர வேறு எதுவும் சாப்பிடலாமா?
- வாசகி, கரூர்

பதில்: முதலில் தோள்பட்டை. அங்கே கத்தியே படவில்லையே, பிறகு எதற்கு வலி என்று பலரும் குழம்புவார்கள். லேப்ராஸ்கோபியில் கேமராவும் கருவிகளும் புகுந்து வேலை செய்ய வயிற்றுக்குள் இடம் வேண்டும். அதற்காகக் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்போம். வேலை முடிந்ததும் வெளியே விட்டுவிடுவோம் என்றாலும் கொஞ்சம் தங்கிவிடும். நீங்கள் எழுந்து உட்கார்ந்ததும் அது மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு அடியில் போய் நிற்கிறது. உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்ச்சியும் கழுத்தில் அதே மட்டத்தில்தான் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. எரிச்சல் உள்ளே இருக்க, மூளை அதைத் தோள்பட்டையின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இந்த வாயு குடலுக்கு வெளியே இருப்பது. அதனால் ஓம வாட்டரோ, பூண்டுப் பாலோ, சோடாவோ அதை எட்டாது. உடம்பே உறிஞ்சி மூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். வலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கும், சிலருக்கு ஒரு வாரம் இழுக்கும். தோளில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், வீட்டுக்குள் நடங்கள். படுத்தால் குறைந்து, நிமிர்ந்து உட்கார்ந்தால் கூடுகிறதென்றால் அநேகமாக இதுதான். ஆனால் வியர்வை, நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் ஆபரேஷன் வலி என்று ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சொல்லாமலும் வரும். உடனே போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

அடுத்தது மாத்திரை. உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சர்க்கரையும் பிரஷரும் இருந்து, டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரையும் எடுத்துக்கொண்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காதவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, ஆபரேஷனுக்கு முன் பார்த்த கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று பாருங்கள். எழுதிக் கொடுத்த மாத்திரையில் இந்த வகை இருந்தால், அந்த அளவைச் சொல்லி உங்கள் சர்ஜனிடம் போனிலாவது கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

மீதிப் பாதிதான் உங்களைப் படுத்துகிறது. பாராசிட்டமால் அந்த வகை இல்லை. சரியான அளவில் நாலு நாள் போட்டால் கிட்னி கெடாது. காலை 6 மணி, மதியம் 12, மாலை 6, இரவு படுக்கும்போது என்று 650 மில்லிகிராம் மாத்திரையை வலி வருவதற்கு முன்பே போடுங்கள். வலி ஏறி உச்சிக்குப் போன பிறகு போட்டால், மாத்திரை வேலை செய்யவே முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பீர்கள், கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மேலாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி கட்டும், காய்ச்சல் வரும். நடக்காமல் கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். வலியைப் பொறுத்துக்கொண்டதற்கு யாரும் பரிசு தரப் போவதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. அசிக்ளோஃபினாக், ட்ரமடால் என்ற வலி மாத்திரைகள் பலவற்றிலும், சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்தே இருக்கும். அட்டையைத் திருப்பிப் படித்து, எல்லாவற்றையும் கூட்டி ஒரு நாளைக்கு 3 கிராமுக்குள் நிறுத்துங்கள். ஈரல் கோளாறு இருந்தாலோ எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ இன்னும் குறைக்க வேண்டும். அதை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மூன்று நாளாக மலம் போகாததற்கும் மாத்திரைதான் காரணமோ என்று சந்தேகம். உங்கள் அட்டையில் ட்ரமடால் இருக்கிறதா பாருங்கள். அது குடலைத் தூங்க வைக்கும். கஞ்சி மட்டும் குடிப்பதும், படுத்தே கிடப்பதும் சேர்ந்துகொள்ளும். பாராசிட்டமாலிலேயே வலி அடங்குகிறதென்றால் டாக்டரிடம் சொல்லி ட்ரமடாலை நிறுத்திவிடலாம். இரவில் ஒரு ஸ்பூன் இசப்கோலை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடியுங்கள், மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் வேண்டும். இரண்டு நாளில் போகவில்லையென்றால் சிரப் எழுதித் தருவார்கள். முக்க வேண்டாம், தொப்புள் காயம் அதைத் தாங்காது.

அந்தத் தொப்புள் காயம் மற்றவற்றைவிட அதிகம் வலிப்பதற்குக் காரணம் உண்டு. வழக்கமாகப் போடும் நாலு துளைகளில் இரண்டு அரை சென்டிமீட்டர்தான். தொப்புளில் போடுவது ஒரு சென்டிமீட்டர். கல்லோடு பித்தப்பையை அந்த வழியாக இழுத்து எடுத்திருந்தால், துளையை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தி உள்ளேயும் தையல் போட்டிருப்பார்கள். எழும்போது மல்லாந்தபடி தலையைத் தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்பை மொத்தமாக ஒருபக்கம் புரட்டி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொண்டு இருமுங்கள். வித்தியாசம் முதல் இருமலிலேயே தெரியும்.

ஆஸ்பத்திரியில் மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்களா? ரவுண்ட்ஸில் பார்த்தால் பாதிப் பேர் அதை ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதக் கூடாது, குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலே நிற்கும்படி இரண்டு மூன்று விநாடி பிடித்து விடுங்கள். கருவி இல்லையென்றாலும் பரவாயில்லை, விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்து ஆழ்ந்த மூச்சு போதும்.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்தியாவில் லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை எடுப்பது 1990-ல்தான் மும்பையில் தொடங்கியது. அதற்கு முன் விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்துத்தான் எடுத்தார்கள். கஞ்சியும் படுக்கையும் அந்தக் காலத்துப் பத்தியம். பெரியவர்கள் பார்த்ததைச் சொல்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. பித்தத்தைச் சுரப்பது ஈரல், பித்தப்பை அதைச் சேர்த்து வைத்த இடம் மட்டும்தான். இனி பித்தம் நேராகக் குடலுக்குப் போகும். இட்லி, குழைந்த சாதம், பருப்பு, மோர், வெந்த காய்கறி, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, குழம்பு மீன் எல்லாம் சாப்பிடலாம். புண் ஆறப் புரதம் வேண்டும். வெறும் கஞ்சி உங்கள் சர்க்கரையைத்தான் ஏற்றும். பஜ்ஜி, பரோட்டா, பிரியாணியை மட்டும் சில வாரம் தள்ளி வையுங்கள். கொழுப்பு சாப்பிட்டால் சிலருக்கு வயிற்றுப்போக்கு ஆகும், பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும்.

எத்தனை நாள் வலிக்கும் என்று கேட்டீர்கள். லேப்ராஸ்கோபியில் ஒரு வாரத்தில் நன்றாகக் குறைந்து, இரண்டு வாரத்தில் பெரும்பாலோர் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். நேற்றைவிட இன்று கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா என்று மட்டும் தினம் பாருங்கள். குறைந்துவந்த வலி திரும்ப ஏறினால் அது வேறு விஷயம். வயிறு உப்பி இறுகுவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி, கண் மஞ்சளாவது, மலம் வெளுத்துச் சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போவது, இவை பித்தக் கசிவாகவோ பித்தக் குழாயில் நின்றுபோன கல்லாகவோ இருக்கலாம். தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு படுக்காமல், ஆபரேஷன் செய்த இடத்துக்கே அன்றைக்கே போய்விடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். தோள்பட்டை வலி நாளுக்கு நாள் கூடினாலும் இதே பேச்சுதான்.

காயம் ஆறி மூன்று நாலு வாரம் கழித்து, துளை போட்ட இடத்தில் சிறு கட்டி வந்து நீர் கசிந்தால், மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் சில இப்படி வரும். வழக்கமான மருந்துக்கு அவை அசையாது, சோதனை செய்து மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை என்று கனமாக எதையும் நாலு முதல் ஆறு வாரத்துக்குத் தூக்க வேண்டாம். தொப்புள் தையல் விட்டுப்போய்க் குடலிறக்கம் வந்தால் இன்னொரு ஆபரேஷன். ஸ்கூட்டர் ஓட்டுவதானால், வயிறு பிடிக்காமல் சட்டென்று பிரேக் போட முடிகிறதா என்று முதலில் நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல் பார்க்கப் போகும்போது பித்தப்பையின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். நிறையப் பேர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். எப்போதாவது அதில் எதிர்பாராத நோய் தெரியவரும். அன்றைக்கே கிரியாட்டினினும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மாமியாருக்கும் காட்டலாம்.