எல்லாமே பார்டர்லைன்தான், ஒரு வருடம் பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. வீடு மேடவாக்கம், சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. ஆபீஸில் எடுத்த மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1, பிரஷர் 136/86, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) 186, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) 37. எடை 70 கிலோ, உயரம் 168 செ.மீ.; பிஎம்ஐ 'நார்மல்' என்று போட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் பார்டர்லைன்தானாம். தினமும் இரண்டு மூன்று சிகரெட் பிடிப்பேன். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. இப்போதே மாத்திரை வேண்டுமா, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: அடுத்த வருடம் வரை விடாதீர்கள்.

உங்கள் ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை போலத்தான் தெரியும். சேர்த்துப் படிக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100, பிரஷர் 130/85, டிரைகிளிசரைடு 150, இடுப்பளவு 90 செ.மீ. ஆகியவற்றை எட்டுவது, ஹெச்டிஎல் 40க்குக் கீழே போவது: ஆண்களுக்கு இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழிவிடும் கூட்டுப் பிரச்சினை, என்கிறோம். உங்களுக்கு நான்கு இருக்கிறது. மிச்சமிருக்கும் இடுப்பளவை யாரும் அளக்கவே இல்லை.

அதை இன்றைக்கே அளந்துவிடுங்கள். தையல் டேப் போதும். பேண்ட் சைஸ் கணக்கில் வராது. பேண்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தானே போடுகிறோம். சட்டையைக் கழற்றி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும் எண்ணைப் பாருங்கள். டேப்பைக் கையில் எடுத்ததுமே நிறையப் பேர் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் அளப்பேன். '34 சைஸ்தான் டாக்டர்' என்றவருக்கு 97 செ.மீ. வந்திருக்கிறது. பெண்களுக்கு எல்லை 80 செ.மீ.

இடுப்பை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே படியப் படிய, கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை; நாம் சாப்பிடாத நேரத்திலும் சர்க்கரையை வெளியே விடும், டிரைகிளிசரைடையும் கூடுதலாக அனுப்பும். அது ஏறினால் ஹெச்டிஎல் இறங்கும். ஈடுகட்டக் கணையம் அதிகமாகச் சுரக்கும் இன்சுலின், சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிப் பிரஷரையும் ஏற்றும். ஆக, நான்கும் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை. கைகால் மெலிந்திருந்தும் வயிற்றில் கொழுப்பு சேர்வது நம் ஊர் உடல்வாகு. அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23லேயே அதிக எடை ஆரம்பம். உங்களுக்கு 24.8.

சிகரெட்டை முதலில் விடுங்கள். இரண்டு மூன்றுதானே என்று இருக்க முடியாது. தினமும் 20 பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் வந்துவிடுகிறது. குறைப்பது போதாது.

சர்க்கரைக்கு மாத்திரையா என்ற கேள்விக்குச் சென்னை மருத்துவர்களே பதில் தேடியிருக்கிறார்கள். 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டை மாற்றி, நடந்தவர்களில் 39.3, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களில் 40.5. அதனால் உங்களுக்கு முதலில் நடைதான், வாரம் 150 நிமிடம், வேகமாக. நம் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ராத்திரி லேட்டாகச் சாப்பிட்டு அப்படியே படுக்காமல், மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை நன்றாகவே அடங்கும். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கூட்டு, பொரியல், மீன் அல்லது முட்டை. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். நாளுக்கு உப்பு 5 கிராம்தான்; ஊறுகாயும் அப்பளமும் அதற்குள் அடக்கம். நான்கைந்து கிலோ குறைந்தாலே எண்கள் இறங்கத் தொடங்கும். மூன்று மாதத்தில் திரும்ப டெஸ்ட் எடுங்கள்.

பிரஷரை ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் பாருங்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பு காபி வேண்டாம். சராசரி 135/85ஐ எட்டினால் மூன்று மாதம் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கொழுப்பு மாத்திரை வேறு கணக்கு. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்ததால், எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) சுமாராக இருந்தாலும் அதைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தேவையா என்று இந்த மாதமே ஒரு டாக்டரிடம் கேளுங்கள். லிப்போபுரோட்டீன்-ஏ (பரம்பரையாக வரும் ஒரு வகைக் கொழுப்பு) டெஸ்ட் வாழ்நாளில் ஒரு முறை எடுத்தால் போதும், அதையும் கேளுங்கள். மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்து, நின்றால் சரியாகிறது என்றால் உடனே போக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து வியர்த்தால் 108.

போகும்போது அப்பாவின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அவர்களும் டெஸ்ட் எடுக்க வேண்டும்.