மூன்று மாதத்துக்குள் ஏன் போய்விடுகிறார்கள்?

கேள்வி: அறுபது அறைகள் கொண்ட ஹோட்டலில் மேலாளராக இருக்கிறேன். மொத்தம் 40 ஊழியர்கள். கடந்த ஓராண்டில் 22 பேர் வேலையை விட்டுவிட்டார்கள். அதில் 13 பேர் மூன்று மாதம்கூடத் தாண்டவில்லை. மற்ற ஹோட்டல்களைவிட எங்கள் சம்பளம் குறைவு இல்லை. “இப்போது வருகிறவர்களுக்கு எதிர்பார்ப்பு அதிகம், பொறுமை குறைவு” என்கிறார் முதலாளி. சம்பளத்தைக் கூட்டினால் நிற்பார்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: 22 பேர் போனதைவிட, அந்த 13 பேர்தான் என்னை யோசிக்க வைக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று சேரும் முன்பே அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் வந்தார்கள். அப்படியானால், தெரியாமல் வந்தது எது?

உங்கள் நேர்முகத் தேர்வை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எட்டு மணி நேர வேலை என்று சொல்லியிருப்பீர்கள். அது பிரேக் ஷிஃப்ட் என்பதையும், காலையில் நான்கு மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம், நடுவில் வீட்டுக்கும் போக முடியாத ஒரு மதியம் என்பதையும் சொன்னீர்களா? ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும் நாளில்தான் நமக்கு வேலை அதிகம் என்று? ஹவுஸ்கீப்பிங்கில் ஒருவர் வராவிட்டால் அவருடைய அறைகளும் தன் தலையில் விழும் என்று? டிப்ஸ் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று?

நான் இந்தத் துறையில் சேர்ந்த முதல் இடத்தில் இதில் ஒன்றையும் யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டேன். வேலை கடினம் என்பதற்காகப் போகவில்லை. அடுத்த இடத்தில் அதைவிடக் கடினமான வேலையை ஆறு வருடம் பார்த்தேன். முதல் இடத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அதனால் முதலாளி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். எதிர்பார்ப்பு இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கை வளர்த்துவிட்டது நேர்முகத் தேர்வில் நாம் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்தான்.

உண்மையைச் சொன்னால் ஆளே கிடைக்க மாட்டார்களே என்று பயப்படுவீர்கள். 1973இல் ஜான் வானஸ் என்ற ஆய்வாளர் தொலைபேசி ஆபரேட்டர் வேலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான விளம்பரப் படத்தையும், மற்றவர்களுக்கு வேலையின் சலிப்பையும் கண்டிப்பையும் மறைக்காமல் காட்டிய படத்தையும் போட்டுக் காட்டினார். உண்மையைப் பார்த்தவர்களும் மற்றவர்களைப் போலவே வேலையை ஏற்றுக்கொண்டார்கள். சேர்ந்த பிறகு, விட்டுவிடலாமா என்ற எண்ணம் அவர்களுக்குக் குறைவாகவே வந்தது. நீங்கள் படமெல்லாம் எடுக்க வேண்டாம். சேர்க்கும் முன் ஒரு முழு ஷிஃப்ட், கூலி கொடுத்து, அதே வேலையில் இருக்கும் ஒருவருடன் விடுங்கள். செக்-அவுட் நெரிசல் உள்ள நாளாகப் பார்த்து விடுங்கள். அன்று மாலை, “எனக்கு இது சரிப்படாது” என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு லாபம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, அது பட்டியலில் வராது. கோபமாகப் பேசும் விருந்தினர் முன்னால் முகம் மாறாமல் நிற்பது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983இல் இதை ‘உணர்ச்சி உழைப்பு’ என்று எழுதினார். உடல் வலிக்கு ஓய்வு போதும். இதற்கு, பிரச்சினை வந்த நேரத்தில் சூப்பர்வைசர் தன் ஆள் பக்கம் வந்து நிற்க வேண்டும். அந்த 13 பேரும் யார் கையின் கீழ் வேலை பார்த்தார்கள் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே சூப்பர்வைசரிடம் இருந்து போயிருந்தால், முதலில் பேச வேண்டியது அவரிடம்தான். திட்டுவதற்கு அல்ல. ஆள் பற்றாக்குறையில் அவரும் டபுள் டியூட்டி பார்த்து நொந்துபோயிருக்கலாம்.

22 பேரை 40ஆல் வகுத்தால் 55 சதவீதம். கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது. ஓராண்டுக்கு முன் இருந்த 40 பேரில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? 31 பேர் இருந்தால், ஒன்பது இடங்களில்தான் ஆள் மாறி மாறிப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்த ஒன்பது இடங்களைச் சரிசெய்வது உங்களால் முடிகிற காரியம்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். முதலாளி பணம் ஒதுக்கத் தயார் என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்காதீர்கள். பிரேக் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குத் தனிப் படி கொடுங்கள், மதியம் கால் நீட்டிப் படுக்க ஓர் அறை ஒதுக்குங்கள், இரவு ஷிஃப்ட் முடிப்பவர்கள் வீடு போய்ச் சேர வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

செலவே இல்லாத ஒன்றை இந்த வாரமே தொடங்கலாம். டியூட்டி சார்ட்டை இரண்டு வாரம் முன்னதாக ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு யாருடைய வீக் ஆஃபையும் தொடாதீர்கள். யாராவது திடீரென்று வராமல் போனால், அந்த இடத்தில் முதலில் நீங்களே நில்லுங்கள்.