வண்ணப் படம் வந்தது, அளவு வரவில்லை

கேள்வி: பெங்களூரு அல்சூரில் நானும் தங்கையும் சேலைக் கடை போடுகிறோம். 12க்கு 30 அடி இடம். இன்டீரியர் டிசைனருக்கு 40,000 ரூபாய் கொடுத்தோம். நான்கு 3டி படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கார்பென்டர் அளவு கேட்கிறார். “டிராயிங்குக்குத் தனிப் பணம். வேறு ஆளுக்கு வேலை கொடுத்தால் அதுவும் கிடையாது” என்கிறார் டிசைனர். இது நியாயமா?

பதில்: நியாயமில்லை. ஆனால் முதலில் கார்பென்டரைப் பலகை அறுக்க விடாதீர்கள். 3டி படம் கடை எப்படித் தெரியும் என்று காட்டும், எத்தனை அங்குலம் என்று சொல்லாது. அளவெடுக்காமல் போட்ட படத்தில் சுவரிலிருந்து 9 அங்குலம் துருத்தும் தூண் இருக்காது, ஷட்டர் சுருளும் பெட்டியும் இருக்காது. பெட்டி வரும் இடத்தில் போர்டை மாட்டி, ஷட்டரைத் திறந்த அன்றே போர்டைக் கழற்றிய கடையை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்க வேண்டியது தரை அமைப்பு, ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று பார்த்தால் தெரியும் நேர்த்தோற்றம், சீலிங்கும் லைட்டும், மின் பாயின்ட், ரேக்கும் கவுன்டரும் வெட்டுத்தோற்றத்தில், அதாவது குறுக்கே வெட்டினால் உள்ளே தெரிவது போல. எல்லாவற்றிலும் மில்லிமீட்டர் அளவு. தரை அமைப்பு 1:50 (அசலில் ஐம்பதில் ஒரு பங்கு), ரேக் விவரம் 1:10 என்றால் கார்பென்டருக்குப் புரியும். ரேக் ஆழத்தை மட்டும் டிசைனரிடம் விடாதீர்கள். நீங்கள் விற்கும் பட்டுச் சேலையை மடித்து, அளந்து, அந்த எண்ணை நீங்களே கொடுங்கள். பிளைவுட் எந்த இந்தியத் தரநிலை, பொது உபயோகத்துக்கான ஐஎஸ் 303-ஆ, தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710-ஆ என்பதும் டிராயிங்கிலேயே வேண்டும். பில்லைச் சரிபார்க்க அதுதான் பிடி. முகப்பு போர்டில் கன்னடம் 60 சதவீதம், மேல் பாதியில். 2024 முதல் கர்நாடகச் சட்டம் இது.

சரி, பணம். 40,000 எதற்கு என்று பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ என்ன எழுதியிருக்கிறது? “டிசைன்” என்று மட்டும் இருந்தால், அதில் டிராயிங்கும் அடக்கம் என்று ஈமெயிலில் கேளுங்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்றும் எழுதி. தனியாக எழுதிக்கொள்ளாவிட்டால் வரைபடத்தின் காப்புரிமை (காப்பிரைட்), 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவருக்கே. ஆனால் காப்புரிமை அவருடையது என்பதற்காக, பணம் வாங்கிய வேலையின் பிரதியை அவர் பிடித்து வைக்க முடியாது.

நுகர்வோர் ஆணையத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவையை விலக்குகிறது, கடை என்றதும் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். அதனால் எழுத்து முக்கியம். மீதிப் பணம் இருந்தால் டிராயிங் கைக்கு வந்தபின் கொடுங்கள். அவர் “ஆர்க்கிடெக்ட்” என்று போட்டுக்கொண்டால் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா பாருங்கள். இன்டீரியர் டிசைனருக்கு அப்படிப் பதிவு கட்டாயமில்லை.

அப்புறம், டிராயிங் வந்ததும் சாக்பீஸால் கடைத் தரையிலேயே ரேக்கையும் கவுன்டரையும் வரையுங்கள். தங்கை கவுன்டருக்குப் பின்னால் நிற்கட்டும், நீங்கள் வாடிக்கையாளராகச் சேலை கேளுங்கள். எங்கே இடிக்கிறதோ, அங்கே டிராயிங்கைத் திருத்தச் சொல்லுங்கள்.