குதிரையை இந்த வெள்ளிக்கிழமை ஏற்ற வேண்டாம்

கேள்வி: ஐயா, மேலூர் பக்கம் நெல்லும் வாழையும் போடுகிறேன். ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய், சுழி பார்த்து, நாலு வயது கத்தியவாரி பெட்டைக் குதிரை ஒன்று வாங்கி வந்தேன். வந்து நாலு நாள்தான் ஆகிறது. மாட்டுத் தொழுவத்தில் கட்டியிருக்கிறேன். பையன் சவாரி பழகுவதால், அழகர்கோவில் சாலையில் மாதக் கட்டணத்துக்குக் குதிரை பார்த்துக்கொள்ளும் ஒரு லாயத்தில் இந்த வெள்ளிக்கிழமை வண்டியில் ஏற்றி விடப்போகிறேன். அங்கே ஏற்கெனவே எட்டுக் குதிரைகள் நிற்கின்றன. லாயக்காரர் ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்கிறார். என்னென்ன பரிசோதனை எடுக்க வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் சான்று கிடைக்குமா? நேற்றிலிருந்து ஒரு மூக்கில் மட்டும் லேசாகத் தண்ணீர் ஒழுகுகிறது. விற்றுக்கொடுத்த தரகர், "பயணச் சளிதான், ஒரு ஊசி போட்டால் நின்றுவிடும்" என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, முதல் வேலையாக அந்த ஊசியைப் போடாதீர்கள். தரகர் சொல்லும் ஊசி பெரும்பாலும் வலிநிவாரணியாகவோ ஸ்டிராய்டாகவோதான் இருக்கும். காய்ச்சல் இறங்கும், வீக்கம் வற்றும், நோய் அப்படியே உள்ளே இருக்கும். சந்தையில் நொண்டுகிற குதிரையை நேராக நடக்கவைப்பதும் இதே ஊசிதான். "எல்லாத் தடுப்பூசியும் போட்டாச்சு" என்று கொடுக்கிற அட்டையை நான் காகிதமாகக்கூட மதிப்பதில்லை. மருந்தின் பெயர், தொகுதி எண், போட்ட டாக்டரின் பதிவு எண் மூன்றும் இல்லாத அட்டைக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

கேட்டதற்கு வருகிறேன். கிளாண்டர்ஸ் என்னும் பாக்டீரியா நோய், குதிரைத் தொற்று ரத்தசோகை, மாட்டு ஈ பரப்பும் சர்ரா, உண்ணியால் வரும் பேபிசியோசிஸ் என்னும் ரத்த நோய், இந்த நான்குக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அரசு கால்நடை மருத்துவர் மூலமாகவே போகட்டும். கிளாண்டர்ஸ் சோதனைக்கான சீரம் ஹரியானாவில் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் போன்ற ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வராது. வந்தாலும் போதாது. சந்தையில் போன வாரம் தொற்றியிருந்தால் இன்றைய ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் தெரியாது. தொற்று ரத்தசோகைக்கு 45 நாள் வரைகூட ஆகலாம். ஒரே நாளில் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் விற்பது முத்திரையை மட்டும்தான்.

ஒரு மூக்கில் மட்டும் ஒழுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் லேசாக எடுக்கமாட்டேன். பல் வேரில் சீழ் இருந்தாலும் அப்படி வரும், தொண்டைப் பை (காதுக்குக் கீழே தொண்டையை ஒட்டியிருக்கும் காற்றுப் பை) பழுத்தாலும் வரும், கிளாண்டர்ஸிலும் வரும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றி உயிரை எடுக்கக்கூடியது. அதனால் டாக்டர் பார்க்கும்வரை பையன் அந்தக் குதிரையின் முகத்தருகே போக வேண்டாம். தண்ணீர் காட்டுகிறவர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளட்டும். 2009-ம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி இது அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். உறுதியானால் சிகிச்சை கிடையாது, குதிரையைக் கருணைக்கொலைதான் செய்வார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சாதாரணச் சளியாகவே இருக்கலாம். ஆனாலும் மேலூர் டாக்டரை இன்றைக்கே வரச் சொல்லுங்கள். அவர் மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் மதுரை தல்லாகுளம் கால்நடைப் பன்முக மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள். அங்கேயும் வேறு குதிரை நிற்கலாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்தக் குதிரை அடுத்த 21 நாள் எங்கே நிற்கும் என்பதுதான். தொழுவத்தில் வேண்டாம். சர்ரா கிருமி மாட்டின் ரத்தத்தில் ஒரு அறிகுறியும் காட்டாமல் கிடக்கும். பெரிய மாட்டு ஈ கடித்து அதைக் குதிரைக்குக் கொண்டுவந்தால் குதிரை உருகிப்போகும். நன்றாகத் தின்னும், ஆனாலும் இளைக்கும். காலும் அடிவயிறும் வீங்கும். தோப்பில் காய்ந்த தரையாகப் பார்த்து, மாட்டிலிருந்து தள்ளி, ஒரு கொட்டகை போடுங்கள். வாளி, கயிறு, தேய்க்கும் பிரஷ் எல்லாம் அதற்கென்று தனியாக இருக்கட்டும். மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு கடைசியாக இதனிடம் போங்கள்.

இனி நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்கும் விஷயம். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். மருந்துக்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் கருவியே போதும். காலை ஆறு மணிக்கும், மாலை தீனி வைக்கும் முன்பும், குதிரை நிழலில் அமைதியாக நிற்கும்போது பாருங்கள். நேர் பின்னால் நிற்காதீர்கள். இடது தொடையை ஒட்டி நின்று, ஒரு கையால் வாலை ஓரமாக ஒதுக்கி, நுனியில் வாசலின் தடவி, மெதுவாக உள்ளே விட்டு, பக்கவாட்டுச் சுவரில் படும்படி லேசாகச் சாய்த்துப் பிடியுங்கள். சாணி உருண்டைக்குள் குத்தி நின்றால் அளவு தப்பாக வரும். கருவியில் நூல் கட்டி, ஒரு கிளிப்பால் வால் மயிரில் மாட்டிவிடுங்கள். 99-லிருந்து 101 பாரன்ஹீட் வரை இயல்பு. 101.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? லாயங்களை அடிக்கடி முடக்கிப்போடும் நோய் ஸ்ட்ராங்கிள்ஸ், தாடைக்கு அடியில் கட்டி கட்டிச் சீழ் உடையும் நோய். தொற்றி 3 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்து ஓரிரு நாள் கழித்துத்தான் மூக்கு வழியாகக் கிருமி வெளியேறத் தொடங்கும். அந்த இடைவெளியைப் பிடித்துவிட்டால் மற்ற குதிரைகள் தப்பிக்கும். அதைப் பிடித்துக் கொடுப்பது தெர்மாமீட்டர் மட்டும்தான். எத்தனை ஆயிரம் ரூபாய் ரத்தப் பரிசோதனையாலும் அது முடியாது. வலிநிவாரணி வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். சந்தையிலேயே ஊசி போட்டு அனுப்பியிருந்தால் முதல் ஓரிரு நாள் அளவை நம்ப முடியாது. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தினமும் தாடை எலும்பு இரண்டுக்கும் நடுப்பள்ளத்தில் விரலால் தடவி, நெல்லிக்காய் அளவு கட்டி தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

நோய் கண்டு தேறிய குதிரைகளில் சில, மாதக்கணக்கில் தொண்டைப் பையில் கிருமியை வைத்துக்கொண்டு வெளியே ஆரோக்கியமாகத் திரியும். எண்டோஸ்கோப் விட்டுக் கழுவிச் சோதிப்பதே அதற்குச் சரியான வழி. அது அமையாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று முறை மூக்குத்தொண்டைச் சளி எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் 21 நாளுக்குள் அதுவும் அடங்கிவிடும். சாணி கொடுத்துக் குடற்புழு பார்த்து மருந்து கொடுப்பதையும், ரணஜன்னித் தடுப்பூசியையும் காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகு டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

லாயக்காரர் சான்று கேட்டது நல்ல காரியம். அதே கேள்வியை நீங்களும் அவரிடம் கேளுங்கள். அந்த எட்டுக் குதிரைகளுக்கும் கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தார், புதுக்குதிரை வந்தால் எங்கே கட்டுகிறார், எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டியா என்று கேளுங்கள். பொதுத் தொட்டிதான், தனியிடம் கிடையாது என்றால், உங்கள் குதிரை சுத்தமாக இருந்தாலும் அங்கே விடாதீர்கள். இடம் சரியாக இருந்தால் 21 நாள் நோட்டையும் பரிசோதனை முடிவையும் கையில் கொடுத்து ஏற்றி அனுப்புங்கள். 45 நாள் கழித்துத் தொற்று ரத்தசோகைக்கு மறுபடி ரத்தம் எடுப்பதாக அவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். வாடகை வண்டி என்றால் ஏற்றும் முன் தரையையும் பக்கப் பலகையையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, காயவிட்டு ஏற்றுங்கள். அதற்கு முந்தின நாள் அதில் எந்தச் சந்தைக் குதிரை நின்றதோ தெரியாது.