கடற்படையும் தொப்புளும்

வணக்கம் ஐயா,

திருகோணமலை உப்புவெளியில் வீட்டில் வைத்தே ஆங்கிலம் ரியூஷன் கொடுக்கிறேன். போன கிழமை தரம் 9 பிள்ளைகளிடம் ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பதினொரு பேரில் நாலு பேர் ‘நேவல் பேஸ்’ (naval base) என்பதில் ஆங்கில ‘ஏ’ (a) வரவேண்டிய இடத்தில் ‘ஈ’ (e) போட்டு, தொப்புளைக் குறிக்கும் navel ஆக்கியிருந்தார்கள். கடற்படைத் தளம் தொப்புள் தளமாகிவிட்டது. திருத்திக் கொடுத்தபோது ஒரு பிள்ளை எழும்பி, “கப்பலைக் கயிற்றால கட்டுறது தொப்புள்கொடி மாதிரித்தானே ரீச்சர், அதாலயா ரெண்டு சொல்லும் ஒரே மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். எனக்கு மறுமொழி தெரியவில்லை. ‘ஸ்டேஷனரி’யிலும் (stationary: அசையாமல் நிற்பது, stationery: எழுதுபொருள்) இதே ஏ, ஈ குழப்பம். பாடமாக்குங்கள் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா? இன்னொன்று: ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம்முடைய காசிலிருந்து போனது என்று வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். அது சரிதானே?

— உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சருக்கு,

அந்தப் பிள்ளையை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவள் சொன்ன விளக்கம் பிழை. என்றாலும் இரண்டு சொற்கள் ஒன்றுபோல இருந்தால் காரணம் தேடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறதே, அது பெரிய விஷயம்.

ஏ எழுத்து வரும் நேவல், லத்தீன்காரரின் சொல். அவர்களுக்குக் கப்பல் ‘நாவிஸ்’. கிரேக்கத்தில் ‘நௌஸ்’, சமஸ்கிருதத்தில் ‘நௌ’. மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். குமட்டலைக் குறிக்கும் ‘நோசியா’வும் அந்தக் கிரேக்கக் கப்பலில் இருந்து இறங்கியதுதான், கடல் ஒத்துக்கொள்ளாதவனுக்கு வரும் வயிற்றுப் பிரட்டலுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கிண்ணியாவுக்குப் படகில் துறை கடந்து போன காலத்து ஆட்களிடம் சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்கள். எழுத்து நினைவில் நிற்க ஒரு வழி: போஸ்டல், கோஸ்டல், ரோயல் எல்லாவற்றிலும் கடைசியில் வருகிற அதே ஏ, எல் ஈறுதான் இங்கும். பிரித்தானியர் 1957 ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். சொல்லை நம்மிடம் விட்டுவிட்டார்கள். அதைச் சரியாக எழுதுவோம்.

ஈ எழுத்து வரும் நேவல், ஆங்கிலத்தின் சொந்த வீட்டுச் சொல். வண்டிச் சில்லின் நடுவில் ஆரக்கால்கள் வந்து குத்தி நிற்கும் குடத்துக்கு ஆங்கிலத்தில் ‘நேவ்’ என்று பெயர். அதன் சிறு வடிவம் நேவல்: வயிற்றின் நடுவில் இருக்கும் சின்னக் குடம். சமஸ்கிருத ‘நாபி’யும் தொப்புளையும் குறிக்கும், சில்லின் குடத்தையும் குறிக்கும். ஆங்கிலத் தொப்புளுக்கும் நாம் எடுத்து வழங்கும் நாபிக்கும் உறவு உண்டு; அதற்கும் கடற்படைக்கும் இல்லை.

ஆனால் இன்னொரு ‘நேவ்’ இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து அதே சொல். தேவாலயத்தில் சனங்கள் இருந்து பூசை காணும் நடுக்கூடத்துக்கு அந்தப் பெயர். அது லத்தீன் ‘நாவிஸ்’, கப்பல்! ஆக ஒரு நேவ் சில்லிலிருந்து வந்தது, மற்றது கப்பலிலிருந்து வந்தது. உங்கள் மாணவி இதைக் கேட்டால் அன்றைக்கு நித்திரை கொள்ளமாட்டாள்.

ஸ்டேஷனரி கதை நேர்மாறு. அங்கே இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘நில்’ என்பதற்கான வேரிலிருந்து ஸ்டேஷன் வந்தது. தமிழிலும் நில் என்ற வேரிலிருந்துதானே நிலை வந்தது? புகையிரத நிலையத்துக்குப் பெயர் வைத்தவர் நல்ல காது உள்ளவர். மத்திய கால ஐரோப்பாவில் பெரும்பாலான வியாபாரிகள் பொருளைச் சுமந்துகொண்டு சந்தை சந்தையாகத் திரிந்தார்கள். புத்தகம் விற்றவர்கள் பல்கலைக்கழகங்களின் அருகே ஒரே இடத்தில் கடை போட்டு நின்றார்கள். நின்றபடியால் அவர் ‘ஸ்டேஷனர்’. லண்டனில் 1403இலேயே அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. 1557இல் அதற்கு அரச சாசனமும் கிடைத்தது. ஸ்டேஷனர் விற்ற தாள், மை, பேனை எல்லாம் பிறகு ஸ்டேஷனரி ஆகின. பேக்கருக்கு பேக்கரி, குரோசருக்கு குரோசரி, ஸ்டேஷனருக்கு ஸ்டேஷனரி: மூன்றிலும் ஈதான். அசையாமல் நிற்கிறது என்று சொல்லும்போது மட்டும் ஏ. பிள்ளைகளிடம் பேக்கரியைச் சொல்லுங்கள், பாடமாக்கத் தேவையில்லை.

இனி கேஷ். இதில் உங்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம் வரும், எனக்கும் வந்தது. கேஷியர் என்று நாம் சொல்லும்போது வருகிற அந்த கேஷ், நம் காசிலிருந்து போகவில்லை. பெட்டி என்று பொருள்படும் லத்தீன் ‘காப்சா’, இத்தாலிய ‘காசா’, பிரெஞ்சு ‘கேஸ்’ வழியாக வந்தது அது. முதலில் பணப்பெட்டியைக் குறித்தது, பிறகு பெட்டிக்குள் கிடந்த பணத்தைக் குறித்தது. ஆனால் ஆங்கில அகராதியைத் திறந்தால் அதே எழுத்துகளில் இரண்டாவது கேஷ் ஒன்றும் இருக்கும். இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்ன நாணயத்தின் பெயர் அது. நடுவில் சதுரத் துளை போட்ட சீனச் செப்புக்காசுகளை ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள். அந்த கேஷ்தான் நம்முடைய காசு. போர்த்துக்கேயர், 1620களில் நம் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய அதே போர்த்துக்கேயர், காசைத் தங்கள் வாயில் ‘காய்ஷா’ ஆக்கி ஆங்கிலேயரிடம் கொடுத்தார்கள். காய்ஷா என்றால் அவர்களுக்குப் பெட்டி! இரண்டு கேஷும் அந்த ஒரு சொல்லில் எப்படி முட்டிக்கொண்டன பாருங்கள்.

கறிக்கும் இதே நிலைமை. சோற்றோடு சாப்பிடுகிற ‘கறி’ நம்முடையது. குதிரையைச் சீப்பால் உருவித் தேய்ப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகளில் ஒரு சொல் உண்டு. அது பழைய பிரெஞ்சுச் சொல்.

மேடைகளில் கேஷ் தமிழ், நேவி நாவாயிலிருந்து வந்தது என்றெல்லாம் முழங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்தவை ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கின்றன: கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர். நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் எந்தக் கனிமமோ, அந்த ‘கொரண்டம்’ நம் குருந்தம். இவ்வளவு இருக்க, இல்லாத உறவைச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை நாளைக்கு ஓர் அகராதியைத் திறந்ததும் நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே சந்தேகிப்பாள்.

வகுப்பில் இதைத் தொடங்க ஆங்கிலம்கூடத் தேவையில்லை. பிள்ளைகள் எதில் இருக்கிறார்கள்? வாங்கில். கடையில் போய் என்ன செய்கிறார்கள்? சாமான் வாங்குகிறார்கள். எழுத்து ஒன்று, உறவு கிடையாது. இருக்கிற வாங்கு போர்த்துக்கேய ‘பாங்கு’, மற்றது நம் வினைச்சொல். ஆனால் அந்த மர வாங்குக்குத் தூரத்து உறவு ஒன்று பிரதான வீதியில் இருக்கிறது: வங்கி. இத்தாலியில் பணம் மாற்றுபவர்கள் முன்னால் ஒரு வாங்கைப் போட்டு வியாபாரம் செய்தார்கள், அந்த வாங்கின் பெயரே தொழிலின் பெயராயிற்று.

கடைசியாக, தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’டைக் கரும்பலகையில் எழுதி, அதில் ‘எஸ்’ ஏன் பேசாமல் கிடக்கிறது என்று கேளுங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த எழுத்தே கிடையாது. லத்தீன் ‘இன்சுலா’வின் வழிவந்த ‘ஐல்’ என்ற இன்னொரு சொல்லோடு உறவு என்று பிழையாக நினைத்துப் பின்னால் வந்தவர்கள் நுழைத்துவிட்டார்கள். நாம் கேஷில் விட்ட அதே பிழை. அவர்கள் விட்டது எழுத்திலேயே தங்கிவிட்டது. அந்தப் பிள்ளையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்து அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.