மேஸ்திரி வரவில்லை, கதை நிற்கலாமா?

கேள்வி: என் தோழியும் நானும் டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஒரு தமிழ் ரோல்பிளே சர்வர், அதாவது கூடிக் கதை எழுதும் குழு, நடத்துகிறோம். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில் மரமும் அத்தாப்பு ஓலையுமாக எழுந்த 1827ஆம் ஆண்டில் எங்கள் கதை நடக்கிறது. ஆளுக்கொரு பாத்திரம், முறை வைத்து மாறி மாறி எழுதுவோம். தொடங்கும்போது 22 பேர் இருந்தோம். இப்போது எழுதுகிறவர்கள் ஏழு பேர்தான். செங்கல் சூளை மேஸ்திரியாக எழுதும் தம்பி மூன்று மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. களவுபோன நகைப்பெட்டி இருக்கும் இடம் மேஸ்திரிக்கு மட்டுமே தெரியும் என்று கதையை அமைத்துவிட்டோம். நான்கு பேர் அவருக்காகக் காத்திருக்கிறார்கள். பத்து நாள் எழுதாதவர்களை நீக்கிவிடலாம் என்கிறாள் தோழி. எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்கு மனம் வராதது சரி. தோழி பொறுமை இழந்ததிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் இருவரும் ஒரே கேள்வியாகப் பார்ப்பதில் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தத் தம்பிக்கு உங்கள் குழுவில் இடம் உண்டா என்பது ஒன்று. மேஸ்திரிக்காகக் கதை நிற்க வேண்டுமா என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால், தம்பி இருக்கட்டும், கதை நடக்கட்டும்.

முதலில் தம்பிக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள். எல்லாரும் பார்க்கும் இடத்தில் டேக் செய்து "எங்கே போனீங்க?" என்று கேட்க வேண்டாம். இப்படி எழுதலாம்: "தம்பி, நல்லா இருக்கீங்களா? இப்ப எழுத முடியலன்னா பரவாயில்ல. வர்ற ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை மலாக்காவுக்கு அனுப்பி வைக்கலாம்னு இருக்கோம். நீங்க எப்ப வந்தாலும் அவரும் வந்துடுவார். வேற யோசனை இருந்தா சொல்லுங்க." இதற்கு அவர் பதில் போட்டே ஆகவேண்டும் என்பதில்லை. மூன்று மாதம் பேசாமல் இருந்தவருக்கு, காரணம் சொல்ல வேண்டுமே, மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்ற தயக்கமே பெரிய சுமை. திரும்பி வர ஆசை இருந்தும் பலர் வராமலே போவது இந்தத் தயக்கத்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமை வரை பதில் இல்லையென்றால், சொன்னபடி எழுதிவிடுங்கள். "விடிவதற்கு முன்பே மேஸ்திரி மலாக்காவுக்குத் தோணி ஏறிவிட்டார். போகிற அவசரத்தில் சூளைப் பையனைக் கூப்பிட்டு, நான் வரும்வரை கிழக்குச் சூளையைப் பிரிக்காதே என்று மட்டும் சொல்லிப் போனார்." மூன்று வரி போதும். மேஸ்திரி உயிரோடு இருக்கிறார். தம்பி பாடுபட்டு உருவாக்கிய ரகசியமும் அப்படியே இருக்கிறது. காத்திருந்த நால்வருக்கும் பையனைப் பிடித்து விசாரிக்கலாமே என்று ஒரு வழி கிடைத்துவிட்டது. அந்தப் பையனை நீங்களும் தோழியும் எழுதுங்கள்.

இதற்கு மேல் போகாதீர்கள். மேஸ்திரியைக் கொல்வது, அவர் வாயால் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது, யாரோடாவது அவருக்குக் கல்யாணம் பேசுவது, எதையும் அந்தத் தம்பியின் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. பாத்திரம் எழுதியவருக்குச் சொந்தம். அந்த நம்பிக்கை போய்விட்டால், இன்று மும்முரமாக எழுதும் ஏழு பேருக்கும் நாளை நமக்கும் இதே கதிதானே என்று தோன்றிவிடும்.

எழுத்தாலேயே ஆடும் பல பேர் விளையாட்டு புதிதல்ல. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' 1978இல் தொடங்கியது. அதில் ஒருவர் வராவிட்டாலும் மற்றவர்களின் ஆட்டம் நிற்காது, உலகத்தைக் கணினி நடத்திக்கொண்டிருக்கும். உங்கள் முறையில் ஒருவர் எழுதினால்தான் அடுத்தவர் எழுத முடியும். அதனால் ஒரு ஆள் மௌனமானால் ஐந்து பேர் மௌனமாகிறார்கள். ஆகவே, இனிமேல் முக்கியமான எந்த ரகசியத்தையும் ஒரே பாத்திரத்திடம் பூட்டி வைக்காதீர்கள். நகைப்பெட்டி இருக்கும் இடம் இன்னொரு பாத்திரத்துக்கு அரைகுறையாகவாவது தெரிந்திருக்க வேண்டும். அட்மின்கள் இருவருக்கும் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்து நாள் விதிக்கு வருகிறேன். அது வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சிங்கப்பூரின் ஓராண்டை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஜூனில் நான்கு வாரமும் ஆண்டிறுதியில் ஆறு வாரமும் பள்ளி விடுமுறை, அப்போது எழுதித் தள்ளுவார்கள். அக்டோபர், நவம்பரில் தேர்வு, யாரும் தலைகாட்ட மாட்டார்கள். தொடக்கக் கல்லூரி முடித்த பையன் ஒருநாள் தெக்கோங் தீவுக்குப் படகேறுவான். அடிப்படை ராணுவப் பயிற்சி முடிவதற்குள் உங்கள் கெடு பலமுறை தாண்டியிருக்கும். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை முடித்து வேலை பார்ப்பவரையும் முகாமுக்குக் கூப்பிடுவார்கள். இரவு ஷிப்ட் பார்க்கும் தாதி, கைக்குழந்தைக்காரி, தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் என்று எல்லாரும் பத்து நாளில் வெளியே போய்விடுவார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடக் கதை பிடிக்காமல் போயிருக்காது. உங்கள் குழுவில் சென்னைக்காரர்களும் இருந்தால் நேரமும் இடிக்கும். நமக்கு இரவு 11 மணி, அவர்களுக்கு எட்டரை.

கெடு வையுங்கள், ஆனால் ஆளுக்கு வைக்காமல் முறைக்கு வையுங்கள். ஒருவர் முறை வந்து மூன்று நாளில் எழுதவில்லையா, அடுத்தவர் எழுதட்டும். தவறவிட்டவர் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். சொல்லாமல் ஒரு மாதம் போனால், பாத்திரத்தை மேஸ்திரி போலக் கௌரவமாக எங்காவது அனுப்பிவையுங்கள். விடுப்பு என்று ஒரு தனி சேனல் திறந்து, "ஒரு மாதம் வர முடியாது" என்று எழுதினால் போதும் என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்கவே கேட்காதீர்கள். சில காரணங்கள் வெளியே சொல்லும்படி இருக்காது.

டிஸ்கார்டில் வராதவர்களை மொத்தமாக வெளியேற்றும் வசதி ஒன்று இருக்கிறது. ஏழு நாள், முப்பது நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். தோழி அதைத்தான் நினைக்கிறார் போலும். ஆள் அந்தப் பக்கம் வந்தாரா என்பதைத்தான் அது பார்க்கும், எழுதினாரா என்பதை அல்ல. தினமும் வந்து படித்துவிட்டு எழுதாமல் போகிறவர் அதில் சிக்கமாட்டார். படிப்பதற்கென்றே வருகிறவர்கள் இருந்தால் நீங்கள் சந்தோஷப்பட வேண்டும்.

எனக்கு மேஸ்திரியைவிடப் பெரிய கவலை, எழுதாமல்போன மற்றவர்களைப் பற்றி. நீங்களும் தோழியும் ஒரு மாலை உட்கார்ந்து, அவர்கள் ஒவ்வொருவரும் கடைசியாக எழுதியதை எடுத்துப் படியுங்கள். அதற்கு யாராவது பதில் எழுதினார்களா? சந்தையில் ஒரு கிழவி பாட்டுப் பாடினாள் என்று ஒருவர் ஆசையாக எழுதியிருப்பார். அடுத்து எழுதியவர் அந்தக் கிழவியைக் கண்டுகொள்ளாமல் தன் சண்டைக் காட்சிக்குப் போயிருப்பார். இரண்டு முறை இப்படி நடந்தால் யாருக்கும் கை ஓடாது.

தமிழும் ஒரு காரணமாக இருக்கலாம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள், தமிழில் தட்டச்சு செய்ய அவர்களுக்கு நேரம் பிடிக்கிறது. தமிழ் வகுப்புக்கு வெளியே அவர்கள் விரும்பித் தமிழ் எழுதும் இடம் உங்கள் சர்வராக இருக்கக்கூடும். அங்கே ஒருவர் ஐந்நூறு சொல்லில் அலங்காரத் தமிழ் எழுத, நான்கு வரி எழுதியவருக்குக் கூச்சம் வந்துவிடும். அதன்மேல் ஒருவர் ஒற்றுப் பிழையைப் பொதுவில் சுட்டிக்காட்டினால் அந்தப் பிள்ளை அத்தோடு சரி. நான்கு வரி போதும் என்று விதியிலேயே எழுதுங்கள். யாருடைய பிழையையும் பொதுவில் திருத்தக்கூடாது என்றும் எழுதுங்கள். இந்த இரண்டு விதிக்காக நான் தோழியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

நன்றாக எழுதுகிறவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். "அவள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிப் போனாள்" என்று ஒருவர் முடித்தால் அடுத்தவர் எதைப் பிடித்து எழுதுவார்? "கதவைச் சாத்தப் போனவள் வாசலில் ஈரக் காலடியைப் பார்த்தாள்" என்று நிறுத்தினால் அது யாருடைய கால் என்று எழுத மூன்று பேர் ஓடி வருவார்கள்.

புதிய விதிகளைப் பழைய கணக்குக்குப் பொருத்தாதீர்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து என்று அறிவித்து, அன்றுமுதல் எண்ணுங்கள். அதற்குமுன் தோழியும் நீங்களும் ஒரே பேச்சாக இருக்கவேண்டும். அட்மின் ஒருவர் நீக்குவதும் இன்னொருவர் திரும்பச் சேர்ப்பதுமாக இருந்தால் விதியை யாரும் மதிக்கமாட்டார்கள்.

மேஸ்திரியை நாங்கள் எழுதுகிறோம் என்று வேறு யாராவது கேட்டால், தம்பியிடம் சம்மதம் வாங்காமல் கொடுக்காதீர்கள். கேட்டவருக்குச் சூளையிலேயே புதிதாக ஒரு கணக்கப்பிள்ளை வேலை போட்டுக் கொடுங்கள். மேஸ்திரி திரும்பி வந்தால் அவர்கள் இருவருக்குள்ளும் எழுத நிறைய இருக்கும்.