புதுப் பாலம் கட்டக் காசு இருக்கிறது, பழையதைப் பராமரிக்க மட்டும் ஏன் இல்லை?

பாலப் பராமரிப்பு என்றால் வெள்ளையடிப்பது இல்லை. மழைத்தண்ணீர் வடியும் குழாயில் அடைப்பு எடுப்பது, தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே மெத்தை மாதிரி தாங்கி நிற்கும் பேரிங்கை மாற்றுவது போன்ற வேலைகள். நொய்யலிலோ அமராவதியிலோ ஒரு பழைய பாலத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். காரை உதிர்ந்து, செம்பழுப்பாகக் கம்பி தெரியும் இடம் கண்ணில் படலாம். இரும்பைவிட அதன் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது.

காசு விஷயத்துக்கு வருவோம். அரசுக் கணக்கில் புதுப் பாலம் மூலதனச் செலவு, அதாவது புதிதாகச் சொத்து உருவாக்கும் செலவு. கடன் வாங்கியும் கட்டலாம். வழக்கமான பராமரிப்போ வருவாய்ச் செலவு, அதாவது அன்றாடம் நடத்தும் செலவு. சம்பளம், ஓய்வூதியம், மானியம் எல்லாம் வரிசையில் நிற்கும் அதே கல்லாவிலிருந்து வர வேண்டும். கை கடித்தால் முதலில் தள்ளிப்போவது இதுதான். (ரிப்பன் வெட்டவும் இதில் வழியில்லை!)

தோட்டத்துக் கிணற்று மோட்டார் மாதிரிதான். பேரிங் கரகரக்கும்போதே மாற்றினால் சின்னச் செலவு. விட்டால் மோட்டாரின் கம்பிச்சுற்று (காயில்) எரிந்து, வெள்ளாமை வாடும் நேரத்தில் ரீவைண்டிங்.

"விஜயமங்கலத்தில் டோல் கட்டுகிறோமே, அதில் செய்யலாமே" என்பார்கள். அது தேசிய நெடுஞ்சாலைக்கான கட்டணம். உங்கள் ஊர்ப் பாலம் பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையினுடையதோ ஊராட்சி ஒன்றியத்தினுடையதோதான்.